மலரக்காவின் முதுகு

"அப்ப அண்ணை, அக்கா எப்ப வாறா?" என்று சீலன் கேட்டபோது குலேந்திரனுக்கு உச்சந்தலையில் குளிர்ந்த தண்ணீர் விழுந்தது போல இருந்தது, உண்மையிலேயே சீலன் தலைக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டுதான் இருந்தான். பாரிஸ் லா சப்பலில் வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குச் சலூனில் கூட்டம் இருக்காது, வாயைத் திறக்காமல் வெட்டிக்கொண்டு போய்விடலாம் என்று கணக்குப் போட்டு வந்தவன் குலேந்திரன். ஆள் இல்லாத நேரத்தில்தான் முடிவெட்டுகிறவனுக்குக் கதை ஊறும் என்பதை ஐம்பத்து மூன்று வயதிலும் அவன் தெரிந்துகொள்ளவில்லை. எந்த அக்கா என்று கேட்க வழியில்லை. அவனுக்கு இருப்பது ஒரே அக்கா, இராசமலர், விசுவமடுவில் தனியே இருக்கிறவள். "உங்களுக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டான். "ஆர் சொல்லவேணும், என்ரை மனிசியின்ரை சித்தி விசுவமடுவிலதானே இருக்கிறா, அக்கா பாஸ்போட்டும் எடுத்திட்டாவாம், ஆடுகளையும் குடுத்திட்டாவாம், ஊர் முழுக்கக் கதை. அதுசரி, சகோதரத்தைக் கூப்பிட ஏலாதெண்டெல்லோ இஞ்ச எல்லாரும் சொல்லுறவை, நீங்கள் என்னெண்டு சரிப்படுத்தினனீங்கள்?" ஆடுகளையும் கொடுத்துவிட்டாள். அது அவனுக்குப் புதுச் செய்தி. ஒன்பது ஆடு, ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்துக் கூப்பிடுவாள், அதில் ஒன்றுக்கு அவன் பெயர். "அலுவல் நடக்குது," என்றான் குலேந்திரன், நடக்காத அலுவலைப் பற்றி. கழுத்தோடு இறுக்கிக் கட்டிய கறுப்புத் துணிக்குக் கீழே, காற்சட்டைப் பையில், போன் நடுங்கத் தொடங்கியது. யார் என்று பார்க்கத் தேவையில்லை. காலையிலிருந்து இது ஆறாவது தடவை. இங்கே பதினொன்று என்றால் அங்கே இரண்டரை, சமைத்துச் சாப்பிட்டுச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வாசலில் குந்தியிருந்து எடுப்பாள், போனைக் காதில் வைக்கமாட்டாள், முகத்துக்கு நேரே கண்ணாடி பிடிப்பதுபோலப் பிடிப்பாள். துணிக்குள் அவன் கை போனை அழுத்திப் பிடித்துக்கொண்டது. நடுக்கம் நின்றது. "எடுங்கோவன் அண்ணை," என்றான் சீலன். "பிறகு எடுப்பம், விளம்பரக் கோல்," என்றான் அவன். பொய் சொல்லப் பொய் சொல்லத் தொண்டை வழுக்கலாகிவிடுகிறது, முதலாவதுதான் கொஞ்சம் முள்ளாகக் குத்தும்.

முதலாவது பொய் முழுச் சொல்கூட இல்லை, பாதிச் சொல். போன ஆண்டு ஆடி மாதம், இருபத்து நான்கு வருடத்துக்குப் பிறகு ஊருக்குப் போனபோது அவன் படமெடுக்கப் போனது அக்காவை அல்ல. வேலியை, கைவிட்ட பாத்திரங்களை, யாருமில்லாத வாசல்களை எடுத்துக்கொண்டு திரிந்தான். ஐந்தாம் நாள் பின்னேரம் கிணற்றடிப் பக்கம் திரும்பியவன் அப்படியே நின்றுவிட்டான். அக்கா குறுக்குக்கட்டோடு, அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வாளியைத் தூக்கித் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தாள். தோளிலிருந்து இடுப்புவரை அந்த முதுகு முதுகாக இல்லை. கடைசிச் சண்டையில் செல் துண்டு பட்டது என்று தெரியும், ஆஸ்பத்திரியில் கிடந்தாள் என்று தெரியும், போனில் கேட்கும்போதெல்லாம் "அது மாறிப்போச்சுதடா" என்று சொல்லியிருக்கிறாள், அவனும் மாறிப்போய்விட்டது என்று நம்புவதற்கு வசதியாக நம்பியிருந்தான். வாய்விட்டு அழுதிருக்கவேண்டும், அல்லது திரும்பி வீட்டுக்குள் போயிருக்கவேண்டும், தம்பி என்று ஒருவன் செய்யக்கூடியவை அந்த இரண்டும்தான். அவனுடைய விரல் மூன்றாவதைச் செய்தது. கமராச் சத்தம் கேட்டு அக்கா திரும்பினாள். கத்தவில்லை. நனைந்த துணியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அவனையும் கமராவையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "உதை அங்க காட்டினால் அலுவல் ஆகுமோடா தம்பி?" என்று கேட்டாள். அவளுக்குத் தெரியாதா என்ன, அவன் அகதிக் கேஸ் எப்படி வென்றது என்று. அவனே போனில் சொல்லியிருக்கிறான்: தடுத்துவைத்த இடத்தில் தோளில் வாங்கிய சூட்டுத் தழும்புக்குப் பக்கத்தில் டொக்டர் நீளம் காட்ட ஒரு அடிமட்டத்தை வைத்துப் படமெடுத்ததை, அந்தப் படம் பைலுக்குள் போன பிறகுதான் எல்லாரும் அவனைக் கதிரையில் இருக்கச் சொன்னார்கள் என்பதை. காயத்தைக் கேட்டுத்தான் இந்த நாடுகள் கதவைத் திறக்கின்றன என்பது வன்னியில் இருக்கிற கோழிக்கும் தெரியும். வெளிநாட்டிலிருந்து வந்த தம்பி, வந்த ஐந்தாம் நாள், காயத்தைப் படமெடுக்கிறான் என்றால் வேறு எதற்கு? இல்லை அக்கா என்று சொல்ல ஒரு நொடி இருந்தது. அந்த நொடி எவ்வளவு நீளமானது என்று அவனுக்கு இன்றைக்கும் தெரியும், அதற்குள் ஒரு காகம் கிணற்றுத் துலாவில் வந்து இருந்துவிட்டு எழும்பிப் போனது. "பாப்பம் அக்கா," என்றான். ஊரில் இருக்கிறவன் பாப்பம் என்றால் காற்றோடு போய்விடும். வெளிநாட்டில் இருக்கிறவன் சொன்னால் அதை முடிந்து வைத்துக்கொள்வார்கள். அவள் திரும்பி நின்றாள், குறுக்குக்கட்டை ஒரு சாண் கீழே இறக்கினாள், தலைமயிரை முன்னுக்கு எடுத்துப் போட்டாள், பள்ளிக்கூடத்தில் ஊசி போட வரிசையில் நிற்கிற பிள்ளை மாதிரி அசையாமல் நின்றாள். "அடிமட்டம் வைக்கவேணாமோ?" என்று அந்தப் பக்கம் பார்த்தபடியே கேட்டாள். வேண்டாம் என்றான். அந்தப் படம்தான் இன்றைக்கு மாலை ஆறு மணிக்கு, இரண்டு ஆள் உயரத்துக்கு, வெள்ளைச் சுவரில் தொங்கப்போகிறது.

சீலனின் கத்தரிக்கோல் காதோரத்தில் கிச்சுக்கிச்சு என்று நடந்தது. கண்ணாடியில் தெரிகிற ஆளைப் பார்க்காமலிருக்கக் குலேந்திரன் மேசையில் இருந்த பவுடர் பேணியைப் பார்த்தான். வெள்ளைத் தாடியைத் தொடவேண்டாம் என்று மரீன் சொல்லியிருந்தாள், தலையை மட்டும் ஒதுக்கிக்கொண்டு வா, தாடி இருக்கட்டும், தாடிதான் நீ என்றாள். மரீன் கண்காட்சி வைக்கிறவள், அறுபது வயது, நல்லவள். அதுதான் சிக்கல், கெட்டவளாக இருந்திருந்தால் பழியை அவள் தலையில் கட்டிவிட்டு நித்திரை கொண்டிருக்கலாம். அவள்தான் கேட்டாள், படத்தில் இருப்பவளுக்குச் சம்மதமா, கையெழுத்து இல்லாமல் நான் ஒரு மனுசியின் உடம்பைச் சுவரில் மாட்டமாட்டேன் என்று. பிரெஞ்சில் ஒரு பக்கத் தாள் தந்தாள். அவன் அதைப் போனில் அனுப்பினான், அக்கா விசுவமடுச் சந்தியில் அச்செடுத்து, கையெழுத்து வைத்து, படம் பிடித்துத் திருப்பி அனுப்பினாள். என்ன தாள் என்று அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை, கேட்காததைச் சொல்லக்கூடாது என்று ஒரு சட்டம் இருப்பதுபோல. கையெழுத்தோடு நிற்கவில்லை அவள். கீழே வெறுமையாகக் கிடந்த இடமெல்லாம், வரி கோணாமல், தன் முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், பிறந்த திகதி, கிராமசேவகர் பிரிவு, கணவர் காணாமல் போன திகதி, கடைசியாகக் கண்ட இடம், காயம் பட்ட திகதி, ஆஸ்பத்திரி வாட்டு இலக்கம் எல்லாவற்றையும் நிரப்பி, முடிவில் "மேற்கூறியவை யாவும் உண்மை" என்று எழுதியிருந்தாள். மரீன் அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். அவன் ஒவ்வொரு வரியாகப் பிரெஞ்சில் சொல்லச் சொல்ல அவள் கண் கலங்கியது. "இதையும் சட்டம் போட்டுப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டவேண்டும்," என்றாள், "அவள் தன் கதையைத் தானே உனக்குக் கையளித்திருக்கிறாள்." அப்போதாவது சொல்லியிருக்கலாம், இல்லை மரீன், இவள் விசாவுக்கு விண்ணப்பம் நிரப்பியிருக்கிறாள் என்று. மரீனின் கண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றான். தன் காரியம் கூடிவந்ததில் நெஞ்சுக்குள் சிறிதாக ஒரு சந்தோசம்கூட வந்தது, வரவில்லை என்று அவனால் சத்தியம் பண்ண முடியாது. நேற்றுப் பின்னேரம் மட்டும் வாய் தடுமாறி, அந்த ஒரு படத்தில் எனக்கு யோசனையாக இருக்கிறது என்றான். மரீன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனை நேராகப் பார்த்தாள். "நாளைக்குப் பன்னிரண்டு மணிக்கு முதல் சொல். அதற்குப் பிறகு பத்திரிகைக்காரர்கள் வந்துவிடுவார்கள், என்னால் ஒன்றும் செய்யமுடியாது." சலூன் மணிக்கூட்டில் பதினொன்று இருபது.

"உந்தச் சந்தியில ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறாங்கள், கண்டனீங்களோ?" என்றான் சீலன், பிடரியைச் சீப்பால் நிமிர்த்திக்கொண்டு. குலேந்திரன் தலையை ஆட்டவில்லை, கத்தரிக்கோல் கிட்ட இருக்கும்போது ஆட்டக்கூடாது என்பது நல்ல சாட்டாகப் போயிற்று. "ஒரு பொம்பிளையின்ரை முதுகு அண்ணை. எங்கட ஆள்தான், தலைமயிரைப் பார்க்கத் தெரியுது. முதுகெல்லாம் ஒரே செல்லடி. குளிக்கேக்கை எடுத்திருக்கிறாங்கள் போல, தண்ணி வடியுது. என்ரை மனிசி அதுக்கு முன்னால பஸ்ஸுக்கு நிக்கமாட்டன் எண்டு மற்றப் பக்கம் போய் நிக்கிறாள். ஆற்றை பெத்த தாயோ, ஆற்றை சகோதரமோ. எடுத்தவனுக்குக் கை நடுங்கியிராதோ?" நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் படம் கலங்கியிருக்கும். இவனுக்குத் தெரிந்த குலேந்திரன் 'வீடியோக் குலம்', இவனுடைய கலியாணத்துக்குப் படம் எடுத்தவன், இவன் மூத்தவளின் சாமத்தியவீட்டுக்கு அல்பம் செய்து கொடுத்தவன், பிறகு என்னவோ வெள்ளைக்காரரோடு திரிகிறான் என்று கேள்வி. நோட்டீஸில் கீழே குலேந்திரனின் பெயர் பிரெஞ்சு எழுத்தில் சின்னதாக இருக்கிறது, அதைக் குனிந்து வாசிக்க யாருக்கும் மனம் வராது, முதுகு விடாது. இன்றைக்கு வாசிக்காவிட்டால் நாளைக்கு யாராவது வாசிப்பான், போனில் படம் பிடித்துப் போடுவான், அது விசுவமடுவுக்குப் போக எவ்வளவு நேரம், ஆடு கொடுத்த கதை இங்கே வந்து சேர்ந்த நேரம்தான். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை. சீலனின் மனைவியின் சித்தி போனை எடுத்துக்கொண்டு படலையைத் திறந்து வருவாள், அக்கா வாசலில் குந்தியிருப்பாள். இங்கே வந்து அவனுடைய யோசனை ஒவ்வொரு முறையும் இடறி விழுந்தது. அக்கா படத்தைப் பார்க்கும்போது அவள் முகம் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியவில்லை. அவள் முகத்தையே நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. கண்ணை மூடினால் முதுகுதான் வந்தது. ஒன்பது மாதமாக அந்த முதுகைத் திரையில் பெருப்பித்துப் பெருப்பித்து, எந்தத் தழும்பு எந்தத் தழும்போடு சேர்கிறது என்று பாடமாக்கி வைத்திருக்கிறான். முகத்தில் இடப்பக்கமோ வலப்பக்கமோ ஒரு மச்சம் இருக்கிறது. எந்தப் பக்கம்? அம்மாவின் கையால் ஒரே சட்டியில் சோறு உருட்டித் தின்ற அக்காவுக்கு எந்தப் பக்கம் மச்சம் என்று தெரியாமல், பாரிஸில் ஒரு கதிரையில், கழுத்துவரை துணி கட்டிக்கொண்டு இருந்தான். வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்ததே என்று கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது. அந்த ஆறுதலைப் பார்த்து இன்னும் வெட்கமாக இருந்தது. இப்படியே உரித்துக்கொண்டு போனால் உள்ளே ஒன்றும் மிஞ்சாது என்று பயந்து கண்ணைத் திறந்துவிட்டான்.

எப்போது இப்படி ஆனோம் என்று தேடினால் ஒரு நாளும் அகப்படுவதில்லை. ஒரே நாளில் கெட்டிருந்தால் அந்தத் திகதியைச் சுவரில் குறித்து வைத்திருப்பான். வந்த புதிதில் உணவகத்தில் கோப்பை கழுவினான், சனி ஞாயிறில் கலியாணவீடு, சாமத்தியவீடு, பிறந்தநாள். பதினாறு வருடம். சிரியுங்கோ, கொஞ்சம் நெருங்குங்கோ, மாமியும் வாங்கோ. எல்லாருடைய முகத்தையும் வெளிச்சமாக எடுத்தான். முகம் கறுத்தால் காசு தரமாட்டார்கள் என்பது ஒரு காரணம்தான். மனிதரை அவரவர் விரும்புகிறபடி காட்டவேண்டும் என்று கிளிநொச்சியில் ஸ்ரூடியோ வைத்திருந்த காலத்தில் அவன் மனதார நம்பியிருந்தான். பிறகு ஒருநாள் கழுவுகிற இடத்தில் அவனோடு நின்ற ஆபிரிக்காக்காரரின் வெந்த கையைப் படமெடுத்தான், அதை மரீன் எங்கேயோ கண்டாள். அதன்பிறகு கூட்டங்கள், வகுப்புகள், வைன் கிண்ணங்கள். சிரிக்கிற முகம் பொய் என்றார்கள். அழகாக இருந்தால் சந்தேகப்படு என்றார்கள். இருட்டு, மௌனம், சாட்சி, நினைவு என்று நாலைந்து சொற்கள், எல்லாமே நல்ல சொற்கள், அவன் பசியோடு விழுங்கினான். பதினாறு வருட அல்பங்களையும் ஒரு பெட்டிக்குள் போட்டு நிலவறையில் வைத்தான், அந்த முகங்களை நினைத்தாலே கூச்சமாக இருந்தது, பல்லைக் காட்டிக்கொண்டு, ஜரிகையை இழுத்துவிட்டுக்கொண்டு. தெருவில் போகிற தமிழரைக் கண்டால் முன்பு, இவரை எங்கேயோ கண்டிருக்கிறேன் என்று தோன்றும். பிறகு பிறகு, இவரிடம் என்ன காயம் இருக்கும் என்று தோன்றத் தொடங்கியது. காயம் இல்லாதவர்மேல் ஒரு சின்ன எரிச்சல்கூட வந்தது. கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் உண்மை. பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள், அவனுக்குப் பழகப் பழகப் புளிப்புத்தான் பாலாகியது.

ஆனால் அவனிடம் ஒரு கதை இருந்தது, அதுதான் அவனை இதுவரை காப்பாற்றி வந்தது. இன்றைக்கு மண்டப வாசலில் பெரிய எழுத்தில் அந்தக் கதையை ஒட்டியிருக்கிறார்கள். தொண்ணூற்றாறில் கிளிநொச்சி வீதியோரம், இடம்பெயர்ந்து வந்த சனத்துக்கு நடுவில், புத்தி பேதலித்த ஒரு பெண், மேல்சட்டை இல்லாமல், மடியில் ஒரு தலையணையைப் பிள்ளை மாதிரி ஏந்திக்கொண்டு இருந்தாள். வெளிநாட்டுச் சஞ்சிகைக்காரன் ஒருவன் அவனை வழிகாட்டியாகப் பிடித்திருந்தான். தன் கமராவில் சுருள் முடிந்துவிட்டது, நீ எடு, உன் பெயர் உலகமெல்லாம் போகும் என்றான். இருபத்து நான்கு வயது இளந்தாரி குலேந்திரன் கமராவுக்கு மூடியைப் போட்டான், தோளில் கிடந்த சால்வையை எடுத்து அவளுக்குப் போர்த்தினான், "என் சனத்தின் மானம் உன் பத்திரிகைக்கு இல்லை" என்றான். பாரிஸில் முதல் தடவை சொன்னபோது இரண்டு வரிதான் இருந்தது. மூன்றாவது தடவை மழை வந்தது. பிறகு அந்தப் பெண் தலையை நிமிர்த்தி அவனைப் பார்த்தாள். மரீனிடம் சொன்னபோது அவனே கண்ணைத் துடைத்துக்கொண்டான். சீலன் கிருதாவை அளவெடுக்க மோவாயைப் பிடித்துத் தலையைத் திருப்பினான், அப்படித் திருப்பிய தலைக்குள் அந்த வீதி மழை இல்லாமல் வந்தது. புழுதி. வெயில். அவனுக்குச் சால்வை கிடையாது, இருபத்து நான்கு வயதில் யார் சால்வை போட்டுக்கொண்டு திரிந்தார்கள்? கமரா அவன் கண்ணில் இருந்தது. எடுக்கத்தான் போனான். அப்போது பக்கத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்த மலரக்கா, சைக்கிளை அப்படியே வீதியில் போட்டுவிட்டு, கரியரில் கட்டியிருந்த படங்குச் சீலையை உருவிக்கொண்டு ஓடிப்போய் அந்தப் பெண்ணை மூடினாள். மூடிவிட்டு அவள் பக்கத்தில் புழுதியில் குந்திக்கொண்டு, இவனைத் திரும்பிப் பார்த்து, "கமராவை மூடடா நாயே" என்றாள். அவ்வளவுதான் கதை. அவன் மூடினான், அக்காவுக்குப் பயந்து மூடினான். இத்தனை வருடமாக ஊர் ஊராகக் கொண்டு திரிந்த மானம் அவனுடையதே அல்ல, அக்காவுடையது. அதையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டான், முதுகையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டான், இரண்டையும் ஒரே மண்டபத்தில், ஒன்றை வாசலிலும் மற்றதைச் சுவரிலும் மாட்டியிருக்கிறார்கள்.

பதினொன்று முப்பத்தெட்டு. மரீனுக்கு எடுத்து, கழற்று என்று ஒரு சொல் சொன்னால் போதும், அவள் படத்தைக் கழற்றுவாள், சந்தி நோட்டீஸையும் எடுப்பிப்பாள், கோபிக்கக்கூட மாட்டாள். அதுதான் பயமாக இருந்தது. கழற்றிவிட்டால் சுவரில் என்ன மிஞ்சும்? வேலி, பாத்திரம், வாசல். அந்த மாதிரி வாசல்களை எடுக்க இந்த நகரத்தில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். முதுகு இல்லாமல் அவன் வெள்ளைத் தாடி வைத்த ஒரு சலிப்பான அகதி. அடுத்த ஆனியில் திரும்பவும் வீடியோக் குலம், கொஞ்சம் நெருங்குங்கோ, மாமியும் வாங்கோ. பாவத்துக்குப் பயப்படுகிறேன் என்று இதுவரை தன்னையே பேய்க்காட்டி ஏமாற்றிக்கொண்டிருந்தவன், உண்மையில் தனக்கு இருப்பது அந்த மற்றப் பயம்தான் என்று கண்டுகொண்டான். கண்டுகொண்டதால் ஒன்றும் ஆகிவிடவில்லை. ஆனாலும் செய்யலாம், இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது. முதலில் அக்காவுக்குச் சொல்லவேண்டும். அவளுக்குச் சொல்லிவிட்டால் மரீனுக்குச் சொல்லாமலிருக்க முடியாமல் போய்விடும், அப்படித் தன்னைத் தானே கட்டிப்போட்டால்தான் உண்டு. வசனத்தை அடுக்கினான். அக்கா, அது விசாவுக்கு இல்லை. அக்கா, நீங்கள் இஞ்ச வர ஏலாது, ஒருநாளும் ஏலாது, நான் உங்களைப் பேய்க்காட்டிப்போட்டன். வாய்க்குள் சொல்லிப் பார்த்தான், நாக்கு ஒத்துழைத்தது. போன் மறுபடி நடுங்கியது. "சீலன், ஒருக்கா இதை எடுத்துத் தாரும்," என்றான். சீலன் துணியை விலக்கிப் போனை எடுத்து, "அட அக்காவல்லோ, விளம்பரமெண்டியள்," என்று சிரித்துக்கொண்டு, மயிர் ஒட்டாமல் இருக்கக் கண்ணாடி மேசையில் பவுடர் பேணியோடு சாய்த்து வைத்து, சத்தத்தையும் கூட்டிவிட்டு, மிச்சப் பிடரியை வெட்டத் தொடங்கினான்.

திரையில் அக்காவின் நெற்றியும் ஒரு கண்ணும் மட்டும் தெரிந்தன. "தம்பி, கேக்குதோ? காலமை துடக்கம் எடுக்கிறன்," என்றாள். "கேக்குது அக்கா. அக்கா, உங்களுக்கு ஒரு விசயம் சொல்லவேணும்." சொல்லத் தொடங்கிவிட்டான், அதை யாரும் மறுக்க முடியாது. "நீ பொறு, நான் முதல்ல சொல்லுறன். பிறகெண்டா வெக்கத்தில சொல்லாமல் விட்டிடுவன்," என்றாள் அக்கா. பின்னால் எங்கேயோ ஒரு மோட்டார் சைக்கிள் போனது. "அண்டைக்கு நீ முதுகை மட்டுந்தானே எடுத்தனி. முன்னுக்கும் இருக்கடா. நெஞ்சுக்குக் கீழ துடங்கி இடுப்பு மட்டும், முதுகைவிட மோசம். தம்பியட்டை என்னெண்டு காட்டுறதெண்டு மறைச்சுப்போட்டன். இத்தினை மாசமா ஒரு பதிலும் இல்லை எண்டவுடனை, முதுகு காணாதாக்கும், என்னாலதான் அலுவல் தட்டுப்படுகுதாக்கும் எண்டு ராவெல்லாம் யோசிச்சன். இஞ்ச ரஞ்சி நிக்கிறாள், பக்கத்து வளவுப் பிள்ளைதானே, கலியாணம் செய்தவள். அவளின்ரை போனில எடுத்து இப்ப அனுப்பட்டோ?" பிடரியில் கத்தரிக்கோல் நின்றுவிட்டது. கண்ணாடியில் சீலன் போனைப் பார்த்தான், பிறகு குலேந்திரனைப் பார்த்தான், சிரிப்பு அவன் வாயில் இன்னும் கலையாமல் கிடந்தது, கண்ணில் மட்டும் என்னவோ மெல்ல மெல்ல விளங்கிக்கொண்டு வந்தது. அடுக்கி வைத்த வசனம் குலேந்திரனின் நாக்கு நுனியில்தான் இருந்தது. அக்கா, அது விசாவுக்கு இல்லை. அதற்கு முதல், அவனைக் கேட்காமலே, கிணற்றடியின் மேற்குப் பக்கம் அவன் கண்ணுக்குள் வந்து நின்றது, வேலிக்கு மேலால் சாய்கிற மஞ்சள், நெஞ்சுக்குக் கீழிருந்து இடுப்புவரை அது விழுகிற விதம், மண்டபத்தில் முதுகுக்கு எதிர்ச்சுவர். "இப்ப எடுக்காதேங்கோ அக்கா," என்று தன் குரல் சொல்வதைக் கேட்டான். நிதானமான, வேலை தெரிந்த குரல். "இப்ப அங்க வெயில் கடுமை. அஞ்சரைக்குப் பிறகு, கிணத்தடியில, மேற்குப் பக்கம் பார்த்து நில்லுங்கோ. பிளாஷ் போடவேண்டாமெண்டு ரஞ்சிக்குச் சொல்லுங்கோ." அக்கா ஒவ்வொன்றையும் ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டாள். பின்னால் திரும்பி யாருக்கோ, "பிளாஷ் வேண்டாமாம்," என்று சொன்னாள். பிறகு, "முகமும் விழவேணுமோடா? அப்பதானே அது நான்தான் எண்டு அவைக்குத் தெரியும்," என்று கேட்டாள். "முகம் தேவையில்லை அக்கா," என்றான் குலேந்திரன்.